ஒரு வாலும் உயராத இடம்

கணவாய்க்காட்டில் ஒரு நரி இருந்தது. அதற்குத் தலையாட்டி என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் "ரொம்பச் சரி" என்று தலையை ஆட்டும். முயல் வந்து இந்த வருஷம் புல் அதிகம் என்றால், ரொம்பச் சரி. அடுத்த நிமிஷமே மான் வந்து புல்லே இல்லை என்றால், அதுவும் ரொம்பச் சரி. இப்படி எல்லாருக்கும் நல்லபிள்ளையாக இருந்தே அது சிங்கராஜாவிடம் மந்திரி வேலை வாங்கிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் ஏதாவது பேச்சு வந்து, அது பிடிக்கவில்லை என்றால் வாலைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு வால் உயர்ந்தாலும் போதும், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சண்டை வேண்டாமே என்று பழைய ராஜா ஒருவர் கொண்டுவந்த வழக்கமாம். சண்டை குறைந்ததோ இல்லையோ, வேலை நடப்பது நன்றாகக் குறைந்தது.

வால் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு ஆட்சேபணையே கிடையாது என்று சபை எடுத்துக்கொள்ளும். தவளை தலைப்பிரட்டையாக இருந்த காலத்தில் அதற்கு வால் இருந்தது, உரிமையும் இருந்தது. ஆனால் அப்போது விவரம் போதாது. விவரம் வந்த நேரத்தில் வால் போய்விட்டது. வௌவாலின் பாடு இன்னும் மோசம். அது தலைகீழாகத் தொங்கும் பிறவி. அதன் வால் மேலே இருந்தால் தூக்கியிருக்கிறதா, இல்லை சும்மா இருக்கிறதா? சபை பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வௌவாலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

காட்டுக்கு இருந்த ஒரே குறை கோடைத் தண்ணீர். குளம் மாசி மாதமே வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆனால் மேலே கணவாயில், இரண்டு மலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கிற இடத்தில், பாறை இடுக்குக்குள் ஒரு சுனை இருந்தது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. இடுக்கோ குறுகல், ஆழமோ அதிகம். யானையின் தும்பிக்கைகூட எட்டாது. தண்ணீர் சலசலப்பதைக் காதால் கேட்டுக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

ஒருநாள் குரங்கு மூச்சிரைக்க ஓடி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் விட்டுவிட்டுப் போன தோட்டம் ஒன்றில் அது ஓர் அதிசயத்தைப் பார்த்திருந்தது.

"தகடு தகடா ஒரு பெரிய சக்கரம் மகாராஜா. கூடவே நீளமா ஒரு குழாய். காத்தடிச்சா சக்கரம் சுத்துது. சுத்தினா அடியில கிடக்கிற தண்ணி குழாய் வழியா மேல ஏறி வருது."

"யாரும் இறைக்காமலா?"

"யாரும் இறைக்காம. காத்துதான் இறைக்குது."

சிங்கராஜாவுக்கு ஒரே சந்தோஷம். கொம்பையா என்ற யானையை அனுப்பினார். கொம்பையா அந்தக் காற்றாலையைக் குழாயோடு சேர்த்துப் பெயர்த்து, முதுகில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

"இதை எங்க வைக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

"இதுல கேக்க என்ன இருக்கு மகாராஜா? காத்தும் கணவாய்லதான், தண்ணியும் கணவாய்லதான்," என்றது கொம்பையா. "சுனை மேலயே நிறுத்திடலாம். தண்ணி பாறையில வழிஞ்சு, புல்வெளி வழியா ஓடி, தானா நம்ம குளத்துக்கு வந்துரும்."

எல்லாரும் ஆகட்டும் ஆகட்டும் என்றார்கள். தலையாட்டியும் ரொம்பச் சரி என்றது. மறுநாள் சபையில் ஒரு பேச்சுக்குக் கேட்டு முடித்துவிடலாம் என்று கலைந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் தலையாட்டிக்கு உறைத்தது. சுனைப் பாறைக்குச் சரியாகக் கீழேதான் அதன் வளை. வளைக்கு முன்னால் புல்வெளி. தலைக்கு மேலே சக்கரம் நாள் முழுக்கக் கடகட என்று சுற்றினால் வீடு என்னத்துக்கு ஆகும்? வீட்டில் மூன்று குட்டிகள் வேறு. இப்போதுதான் கண் திறந்திருக்கின்றன. அவற்றைத் தூங்கவைப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

அதன் மனைவி வெடுக்கிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "தண்ணி வந்தா நல்லதுதானேங்க," என்றது. "வாசல்ல புல்லு எப்படிக் காஞ்சு கிடக்குன்னு பாருங்க. ஒரு பொறி பட்டாப் போதும். சத்தமெல்லாம் குட்டிங்களுக்குப் பழகிடும்."

"ரொம்பச் சரி," என்றது தலையாட்டி. ஆனால் அதன் மனம் ஆறவில்லை. மந்திரியே வாலைத் தூக்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தானும் கெட்ட பேர் வாங்கக் கூடாது, சக்கரமும் வரக் கூடாது. அதற்கு என்ன வழி என்று யோசித்தது. நரிக்கா வழி தெரியாது?

விடிந்ததும் அது மயிலைத் தேடிப் போனது.

"மயிலாரே, இனிமே உங்க ஆட்டத்தை எங்க வெச்சுக்கப் போறீங்க?"

"எப்பவும் போலக் கணவாய்ப் பாறையிலதான். ஏன் கேக்குறீங்க?"

"அங்கதான் சக்கரம் வரப்போகுதே. வெயில்ல தகதகன்னு மின்னும். நாள் பூரா சுத்தும். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாத்தான் இருக்கும். பெண்மயிலுங்ககூட நின்னு பார்த்துட்டுப் போகும்."

மயிலின் கொண்டை விறைத்தது. "என்னை விட்டுட்டு அதைப் பார்க்குமா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நான் மந்திரி. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு நரி நடையைக் கட்டியது.

ஆலமரத்தடியில் சபை கூடியது. கணவாயில் வைக்கலாமா என்று ராஜா கேட்டு வாயை மூடவில்லை, மயில் தோகையை விரித்துவிட்டது. அது என்ன சாதாரண வாலா? பின்னால் உட்கார்ந்திருந்த பாதிச் சபைக்கு ராஜாவே தெரியவில்லை.

"அடடா, மயிலாருக்கு இஷ்டமில்லையே," என்று நரி முகத்தைத் தொங்கப் போட்டது. "வழக்கம் வழக்கம்தானே. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போது ஆலமரக் கிளையிலிருந்து வௌவால் பேசியது. "மந்திரி ஐயா, கணவாய் இடுக்குல குடியிருக்கிறது நாங்க. பொழுது சாஞ்சதும் கூட்டமாக் கிளம்பிப் பூச்சி பிடிப்போம். அந்த நேரம் சக்கரம் சுத்தினா எங்க பிள்ளைங்க அடிபட்டுச் செத்துப்போகும்."

"அப்ப நீயும் வேண்டாங்கிறே?"

"வேண்டாம்னு சொல்லலைங்க. பொழுது சாஞ்சா ஒரு கொடியைப் போட்டுக் கட்டி நிறுத்திட்டாப் போதும். பகல்ல நாங்க தூங்குவோம். அது பாட்டுக்குச் சுத்தட்டும்."

அந்தச் சபையிலேயே நியாயமான பயம் அது ஒன்றுக்குத்தான் இருந்தது. பயத்துக்கு மருந்தையும் அதுவே கையோடு கொண்டு வந்திருந்தது. நரி அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "உன் வால் இப்ப மேல இருக்கா, கீழ இருக்கா?"

"நான் தொங்கிட்டு இருக்கேங்க."

"கணக்குல வராது. சரி, வேற இடம் சொல்லுங்க."

மேட்டில் வைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. காட்டுப்பன்றி வாலைத் தூக்கியது. அங்கே அதற்குக் கிழங்கு இருக்கிறதாம். கிழங்கு இன்னும் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். போன வருஷமே தோண்டித் தின்றாயிற்றாம். ஆனாலும் அந்த இடத்தின் மேல் ஒரு பாசமாம். குளத்தங்கரை என்றதும் எருமையின் வால் உயர்ந்தது. எருமை பாவம், ஈ ஓட்டத்தான் தூக்கியது. ஆனாலும் தூக்கியது தூக்கியதுதான். அதன் பிறகு மான் கூட்டம் எந்த இடம் என்று கேட்பதற்கு முன்பே வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லாரும் தூக்கும்போது நாம் சும்மா இருந்தால் நம் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்று அவற்றுக்குக் கவலை.

இப்படித் தள்ளித் தள்ளி, காற்றாலை கடைசியில் ஊமைப்பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. நான்கு பக்கமும் மேடு சூழ்ந்த குழி அது. அங்கே ஓர் இலைகூட அசையாது. தோண்டினால் தண்ணீரும் கிடையாது. தவளை ஒன்று மட்டும் ஒரு கல்லடியில் மழைக்காலத்து ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"மந்திரி ஐயா, இங்க காத்தே வராதுங்களே," என்றது தவளை.

"ஆட்சேபணையா? வாலைத் தூக்கிச் சொல்லுப்பா."

தவளை தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கல்லடிக்குப் போய்விட்டது.

ஒரு வாலும் உயரவில்லை. காற்று இல்லை, தண்ணீர் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

திறப்புவிழாவுக்கு ராஜாவே வந்தார். அன்றைக்கு நரி கொம்பையாவின் காலில் விழாத குறை. "அண்ணே, என் மானத்தைக் காப்பாத்துங்க. புதருக்குப் பின்னால நின்னு தும்பிக்கையால நாலு ஊது ஊதுங்க."

கொம்பையாவுக்கு நல்ல மனசு. ஊதியது. சக்கரம் சுற்றியது. காடே ஆர்ப்பரித்தது. கொம்பையாவுக்கு மூச்சு வாங்கியது. சக்கரமும் நின்றது.

"சுத்துறது சரி," என்றார் ராஜா. "தண்ணி எங்கே?"

"அது ரெண்டாம் கட்டம் மகாராஜா."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"முதல் கட்டம் நல்லபடியா முடிஞ்சதும்."

"ரொம்பச் சரி," என்றார் ராஜா. மந்திரியோடு பழகிப் பழகி அவருக்கும் அந்தப் பேச்சு தொற்றிவிட்டது.

அந்த வருஷம் பக்கத்துக் காட்டில் தீப்பிடித்தது என்று செய்தி வந்தது. ராஜாவுக்குக் கவலை. நமக்கும் ஓர் அவசரத் திட்டம் வேண்டும் என்று நரியிடம் சொன்னார். எல்லாருக்கும் நல்லவன் போடும் திட்டம் எப்படி இருக்கும்? ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, அவரவர் சொன்னதையெல்லாம் அதில் போட்டது. சபை சொல்லாமல் யாரும் எதையும் நகர்த்தக் கூடாது என்று அணில் கேட்டுக்கொண்டது. முன்பொரு தடவை கொம்பையா ஒரு மரத்தை நகர்த்தியபோது அணில் வீடும் சேர்ந்து போயிருந்தது. தூக்கத்தில் தன்னை எழுப்பக் கூடாது என்று ராஜா சொன்னார். அதுவும் சேர்ந்தது. காட்டில் ஏடு ஏது, எழுத்து ஏது? முழுத் திட்டத்தையும் கிளிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கிளி ஒப்பித்தது:

"புகை தெரிந்தால் குரங்கு மந்திரியிடம் சொல்ல வேண்டும். மந்திரி ராஜாவிடம் சொல்ல வேண்டும். ராஜா தூங்கினால் எழும்வரை காத்திருக்க வேண்டும். எழுந்ததும் சபை கூட வேண்டும். சபையில் ஒரு வாலும் உயராவிட்டால் அது தீ. அதுவரை அது சந்தேகத்துக்குரிய சூடு."

கிளியிடம் ஒரு கெட்ட பழக்கம். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும்.

ஒத்திகையும் நடந்தது. நல்ல ஐப்பசி அடைமழையில் நடந்தது. குரங்கு பற்றவைக்க வந்த சுள்ளி பற்றவே மாட்டேன் என்றது. பற்றாத தீயை நொடியில் அணைத்த காடு என்று பேர் வாங்கிவிட்டோம் என எல்லாரும் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வெடுக்கி மட்டும் கேட்டது: "ஏங்க, நிஜமாவே தீ வந்தா தண்ணிக்கு எங்க போறது?"

"அது திட்டத்துல இருக்கே."

"தண்ணியா?"

"இல்லை. தண்ணிக்கு எங்க போறதுன்னு அப்புறமா கூடிப் பேசணும்னு இருக்கு."

வெடுக்கி தலையில் அடித்துக்கொண்டது.

பங்குனி வந்தது. தலையாட்டியின் பழைய குட்டிகள் வளர்ந்து போய், வளையில் இப்போது புது ஈற்றுக் குட்டிகள் மூன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் சபை ஆலமரத்தடியில் கூடியிருந்தது. மழைக்காலத்தில் யார் எந்த மரத்தடியில் ஒதுங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்து உச்சியிலிருந்த குரங்கு கத்தியது.

"தீ! தீ! மூங்கில் புதர்ல தீ!"

"அந்த வார்த்தையைச் சொல்லாதே," என்றது நரி. "சபை தீர்மானிக்கிற வரைக்கும் அது சந்தேகத்துக்குரிய சூடு. ஒழுங்கா வந்து என்கிட்டச் சொல்லு."

குரங்கு இறங்கி வந்து, நரியின் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னது: "மந்திரியாரே, கணவாய்ப் பக்கம் மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசி, சந்தேகத்துக்குரிய சூடு நல்லா கொழுந்துவிட்டு எரியுது. புல்வெளிக்கு வந்துடுச்சு."

கணவாய்ப் பக்கம், புல்வெளி. அங்கேதானே நரியின் வளை!

அதே நேரம் வெடுக்கி ஓடி வந்தது. வாயில் ஒரு குட்டி. மேலெல்லாம் சாம்பல். குட்டியை நரியின் காலடியில் போட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு உள்ள இருக்குதுங்க," என்றது. "இதை விட்டுட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள வாசல் புல்லு பத்திக்கும். என்னால தாண்ட முடியாது. தண்ணி வேணும். தண்ணி இருந்தா ரெண்டையும் காப்பாத்திடலாம்."

நரி நாலு பக்கமும் பார்த்தது. குளம் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இருக்கும் ஒரே இடம் சுனை. சுனையிலிருந்து அதை மேலே கொண்டுவரும் ஒரே சாதனம் ஊமைப்பள்ளத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

"கொம்பையா அண்ணே!" என்று நரி அலறியது. "பாறை வழியாப் போனா தீயில்லாம சுனைக்குப் போயிடலாம். சக்கரத்தைத் தூக்கிட்டு ஓடுங்க!"

கொம்பையா கண்ணில் தண்ணீரோடு நின்றது. "நான் ஒரு துரும்பை நகர்த்தணும்னாலும் சபை சொல்லணுமே. நீங்க போட்ட திட்டம்தானே தம்பி."

கிளி உடனே தொடங்கியது. "புகை தெரிந்தால் குரங்கு மந்திரியிடம்..."

"சபை கூடித்தான் இருக்கு, ராஜா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். சக்கரத்தைக் கணவாய்க்குக் கொண்டு போகலாமா? சீக்கிரம் சொல்லுங்க!" என்று நரி கூவியது.

சபையைப் பார்த்தது. அதன் உயிரே போய்விட்டது. அத்தனை வாலும் வானத்தைப் பார்த்து நின்றன.

ஆட்சேபணை ஒன்றும் இல்லை. பயம். மான் பயந்தால் வாலைத் தூக்கும். காட்டுப்பன்றி ஓடத் தொடங்கினால் வாலைத் தூக்கும். குரங்கு தாவ நினைத்தாலே வால் எழும்பும். அது அவற்றின் பிறவிக் குணம். வேண்டும் வேண்டும் என்று வாய் கத்துகிறது, வாலோ செங்குத்தாக நிற்கிறது.

"வால் உயர்ந்தால் தீர்மானம் இல்லை," என்றது கிளி. "புகை தெரிந்தால் குரங்கு..."

"மயிலாரே, நீங்களாவது இறக்குங்க!" என்று நரி கெஞ்சியது.

"எனக்கென்ன தெரியும்?" என்று மயில் படபடத்தது. "அன்னிக்குக் கணவாய் வேண்டாம்னு என் மனசைக் கலைச்சதே நீங்கதானே?"

வெடுக்கி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தது. நரிக்கு அந்தப் பார்வையைவிடத் தீயே தேவலாம் என்று இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அது தலையை ஆட்டவில்லை.

"ஆமா. நான்தான்," என்றது. "என் வாசல்ல சத்தம் வேண்டாம்னு நான்தான் செஞ்சேன். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப அவங்கவங்க முன்னால நிக்கிறவங்க வாலைக் கடிச்சுக் கீழ இழுங்க. எல்லாரும்!"

இப்படி ஒரு கட்டளையை எந்தக் காடும் கேட்டிருக்காது. ஆனால் வேறு வழியில்லை. குரங்கு கொம்பையாவின் வாலைக் கடித்துத் தொங்கியது. எருமை குரங்கின் வாலைக் கவ்வியது. மானுக்குப் பின்னால் சிறுத்தை வந்து நின்றது. மான் வேண்டவே வேண்டாம் என்றது. சிறுத்தையும் காட்டுப்பன்றியும் இடம் மாறிக்கொண்டன. ராஜாவின் வாலை யார் கடிப்பது? எல்லாரும் தயங்கினார்கள். நரி கண்ணை மூடிக்கொண்டு கவ்வியது. ராஜா "ஸ்ஸ்" என்றார், பொறுத்துக்கொண்டார். அவரே மயிலின் தோகையை வாயில் கவ்விக் கீழே அமுக்கினார். ஆலமரத்தைச் சுற்றி முழுக் காடும் வட்டமாக நின்றது.

எல்லார் வாயிலும் ஒரு வால். அதனால் யாராலும் பேச முடியவில்லை. அந்தச் சபை உருப்படியாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

கிளியின் வால் மட்டும் இன்னும் மேலே நின்றது. சபை ஓரத்தில் இருந்த ஊமைப்பள்ளத்துத் தவளை தத்தித் தத்தி வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. கிளி வாயடைத்துப் போனது. இப்போது முடிவைச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? வாயில் வால் இல்லாமல் இருந்தது தவளை ஒன்றுதான். பிறந்ததிலிருந்து சபையில் கேட்கப்படாத குரல், இப்போது காடு முழுக்க ஒலித்தது.

"ஒரு வாலும் உயரலை. இது தீதான். தூக்குங்க சக்கரத்தை!"

கொம்பையா கிளம்பிய வேகத்தில் குரங்கு வாலை விட மறந்து கூடவே பறந்தது. ஊமைப்பள்ளத்தில் சக்கரத்தைப் பிடுங்கியது, பாறை வழியில் ஏறியது, கணவாயில் போய் நின்றது. கீழே புல்வெளி பாதி கருகியிருந்தது. நரி வளையின் வாசலுக்கும் தீக்கும் நாலு பாய்ச்சல் தூரம்கூட இல்லை. குரங்கு குழாயைச் சுனை இடுக்குக்குள் இறக்கியது. நட்டு நிறுத்த நேரமில்லை. கொம்பையா சக்கரத்தைத் தும்பிக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதுகளை மடக்கி, காற்றுக்கு எதிரே தூண் மாதிரி நின்றது.

கணவாய்க் காற்று ஒரே அடியாக அடித்தது. சக்கரம் கடகட கடகட என்று சுற்றியது. முதலில் குழாய் இருமியது. பிறகு துருத்தண்ணீர் கொஞ்சம் வந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர், பாறையெல்லாம் வழிந்து, நரி வளைக்கு முன்னாலிருந்த புல்லில் கொட்டியது. தீ சுர்ரென்று சீறியது, புகைந்தது, ஈரத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே அடங்கியது.

வெடுக்கி அந்தச் சேற்றில் விழுந்து புரண்டு ஓடியது. வளைக்குள்ளிருந்து இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்தது. வெடுக்கியின் மீசை கருகியிருந்தது, மற்றபடி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலையாட்டி குட்டிகளை நக்கிக்கொண்டே அழுதது. மந்திரி அழுவதைக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

"அன்னிக்கே இங்க வெச்சிருந்தா இந்தப் புல்லு கோடை பூரா பச்சையா இருந்திருக்கும். தீ இந்தப் பக்கமே வந்திருக்காது," என்றது வெடுக்கி.

"ரொம்பச் சரி," என்றது நரி. இந்தத் தடவை அதை மனசாரச் சொன்னது.

காற்றாலை அப்புறம் கணவாயிலேயே நின்றது. வழக்கத்தையும் மாற்றினார்கள். இங்கே வேண்டாம் என்று வாலைத் தூக்குகிறவர் ஏன் வேண்டாம், வேறு எங்கே வைப்பது என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். வால் இல்லாதவரும் பேசலாம். தீயைக் கண்டவர் யாராக இருந்தாலும் தீ என்றே கத்தலாம், தண்ணீருக்கு ஓடலாம். ராஜாவை எழுப்பலாமா என்ற கேள்வியில் ராஜா கொஞ்சம் முனகினார். கடைசியில் தாமே வாலை இறக்கிக்கொண்டார். மயில் பாறைக்கு அந்தப் பக்கம் போய் ஆடியது. பெண்மயில்கள் முதலில் சக்கரத்தைப் பார்த்தன, அப்புறம் மயிலைப் பார்த்தன. அதற்கு மேல் யாரும் என்ன செய்ய முடியும்? தவளை குளத்துக்கே குடிவந்துவிட்டது.

வௌவால் சொன்னபடி, பொழுது சாய்ந்ததும் குரங்கு ஒரு கொடியைப் போட்டுச் சக்கரத்தைக் கட்டிவிடும். அதில்தான் தலையாட்டிக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. மூன்று குட்டிகளுக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிற்று. பகலெல்லாம் கடகட என்று கேட்டுக்கொண்டு சொகுசாகத் தூங்கும். சக்கரம் நின்றதோ இல்லையோ, மூன்றும் விழித்துக்கொண்டு வீறிட்டு அழும்.

"நீங்க பண்ணின காரியத்துக்கு நீங்களே உக்காந்து சத்தம் போடுங்க," என்று வெடுக்கி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சத்தம் ஆகாது என்று காடு முழுக்கச் சக்கரத்தை அலையவிட்ட மந்திரி, இப்போது தினம் இருட்டியதும் வளை வாசலில் உட்கார்ந்து, குட்டிகள் கண் அசரும் வரைக்கும் தன் வாயாலேயே "கடகட கடகட" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் வாசலில் மட்டும் வேண்டாம் என்று ஊருக்கு ஆகும் நல்லதைத் துரத்துகிறவன், ஆபத்து வரும் நாளில் அதையே தன் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.